கத்திரி வெயில்ல குடும்பத்தோட குளிக்க நல்ல ஆத்துக் கசம் (தண்ணி ஆழமா தேங்கி நிக்குற பள்ளம்) எங்க இருக்கு? (குற்றாலம்னு சொல்லாதீங்க)

வெயிலுக்குப்பயந்தவன் | மே 9, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்காரன். கத்திரி பொறந்து அஞ்சு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள வீட்டு டேங்க் தண்ணி காலைல பதினோரு மணிக்கே டீத்தூள் போட்டா டீயாகிரும்ங்கிற சூட்டுல வருது. பயலுக்கு 11, பொண்ணுக்கு 8, லீவு விட்டதுலருந்து ரெண்டும் ஃபேனுக்கு அடியில போனும் கையுமா கெடக்குதுக. போன வருசம் ஒரு தீம் பார்க் கூட்டிட்டுப் போனேன், குளிச்சத விட லைன்ல நின்னதுதான் ஜாஸ்தி, குளோரின்ல கண்ணு செவந்து ராத்திரி பூரா பொண்ணு அழுகை. இந்த வருசம் அது வேண்டாம், சிமெண்டுத் தொட்டி இல்லாம பாறை மரம் மணல்னு இருக்குற நெசமான தண்ணில பசங்கள முக்கி எடுக்கணும்.

குற்றாலம் சொல்லாதீங்க, மே மாசம் அங்க பாறைதான் இருக்கும், சீசன் ஜூன்லதான். மதுரையிலருந்து நாலு மணி நேரத்துக்குள்ள இருக்கணும், மாமியாரும் வர்றாங்க (முட்டி வலி), பசங்களுக்கு நீச்சல் தெரியாது, நான் கெணத்துல படிச்சவன், ஆனா தண்ணில எறங்கி இருவது வருசம் ஆச்சு. நல்ல எடமா சொல்லுங்கய்யா, புண்ணியமாப் போகும்.

ஏசிரூம்அகதி | மே 9, இரவு 10:31

பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் தண்ணில ஐஸ் கட்டி போட்டுக்கங்க, டோல்கேட் இல்ல, மாமியாருக்கும் அலைச்சல் இல்ல. இதுக்கு மேல சொர்க்கம் கேட்டா பேராசை.

பெரியகுளத்தான் | மே 9, இரவு 11:05

உங்களுக்குப் பக்கம்னா எங்க கும்பக்கரைதான் பாஸ். மதுரையிலருந்து ரெண்டு மணி நேரம், பெரியகுளத்துலருந்து ஒம்போது கிலோமீட்டர். அருவின்னு பேரு, ஆனா எங்களுக்கு அது அருவியவிட கெஜம்தான். மலையிலருந்து வர்ற பாம்பாத்துத் தண்ணி பாறையில எறங்கி வழிநெடுக குழி குழியா தேங்கி நிக்கும், ஒவ்வொரு குழிக்கும் ஒரு பேரு, யானைக்கெஜம், உரல்கெஜம், பாம்புக்கெஜம். கசம்ங்கிறதத்தான் எங்காளுக கெஜம் ஆக்கிட்டாய்ங்கன்னு நெனைக்கிறேன், யாராவது தமிழ் வாத்தியார் இருந்தா சொல்லுங்க.

அந்த உரல்கெஜம் பேர மட்டும் நல்லா யோசிச்சுப் பாருங்க. வெள்ளத்துல வர்ற கூழாங்கல்லு பாறையில ஒரு சின்னப் பள்ளத்துல மாட்டிக்கிட்டு சுழிச்சலோட சுத்திச் சுத்தியே பாறையக் குடையும், ஆயிரக்கணக்கான வருசம் ஆட்டுன பெறகு அது அச்சு அசல் உரல் மாதிரியே ஆயிரும், வாய் சின்னது, உள்ள வழுவழுன்னு செவுரு. அழகுதான், ஆனா உள்ள விழுந்தவனுக்குக் கை வச்சு ஏற ஒரு புடி கெடைக்காது. அதனாலதான் மேல இருக்குற கெஜம் பக்கமெல்லாம் போகக்கூடாதுன்னு வனத்துறை போர்டு வச்சிருக்கு. கீழ அருவி விழுற எடத்துல கம்பி போட்டு விட்டுருக்காங்க, குடும்பமா அங்க மட்டும் குளிச்சுட்டு வாங்க.

இன்னொண்ணு, நீங்க பெரியகுளத்துல நின்னு வானத்தப் பாத்துட்டு மழை இல்லன்னு முடிவு பண்ணிறாதீங்க. வட்டக்கானல், வெள்ளகெவி பக்கம் மேல மழை பேஞ்சா இங்க காஞ்ச வெயில்லயே வெள்ளம் வரும். தண்ணி நெறம் லேசா செம்மண்ணு கலரு மாறுச்சு, எல தழை சுள்ளி மிதந்து வருது, சத்தம் கனமா கேக்குதுன்னா செல்பி கில்பி எல்லாம் வேண்டாம், சோப்ப விட்டுட்டு மேட்டுக்கு ஏறிருங்க.

ஆத்தங்கரைமருது | மே 10, காலை 6:20

அண்ணாச்சி, கோடையில தண்ணின்னா தாமிரவருணிதான், இதுல என்ன போட்டி. ரெண்டு மழையும் புடிக்குற பொதிகையில பொறக்குற ஆறு, பொறந்து 130 கிலோமீட்டர் கூட ஓடாது, நம்ம நெல்லை ஜில்லாவுக்குள்ளயே பொறந்து பக்கத்து தூத்துக்குடி ஜில்லா புன்னைக்காயல்ல கடல்ல சேந்துரும். மேல காரையாறு, சேர்வலாறுன்னு அணை இருக்கதால மே மாசமும் ஆத்துல ஓட்டம் இருக்கும்.

பாபநாசம் அகஸ்தியர் அருவி வருசம் பூரா விழும், ஆனா லீவு நாள்ல தலைக்கு மேல தலை. செக்போஸ்ட்ல பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் புடுங்கிருவாங்க, புலிகள் காப்பகம்லா, அது நல்லதுதான். கோயில் படித்துறைப் பக்கம் நான் சொல்லமாட்டேன், பரிகாரம்னு உடுத்த துணிய ஆத்துல விட்டுட்டுப் போறாங்க, காலுல சேலை வந்து சுத்தும். யாரு பாவம் யாரு காலுல சுத்துதோ.

களக்காடு தலையணையும் நல்லாருக்கும், பச்சையாத்துத் தண்ணி, அந்தக் குளுருக்குப் பல்லு தந்தியடிக்கும். ஆனா குட்டிப் பிள்ளையளு, முட்டி வலி மாமியாருன்னு சொல்லுதீயளே, அதுக்குத் திருப்புடைமருதூர் வாங்க. கடனாநதி வந்து தாமிரவருணில சேர்ற எடம். பழைய சிவன் கோயில், ஆத்தங்கரை பூரா மருதமரம், மரத்துல கொக்கும் நாரையும் கூடு கட்டிக் கெடக்கும். கரையோரம் மணல், பாறை, முட்டளவு தண்ணி. உள்ள போனா கசமும் உண்டு, அதான் சொல்லுதேன், எறங்குறதுக்கு முன்னால துணி துவைக்குற பொம்பளையாள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்குங்க. அவங்களுக்குத் தெரியாத குழி ஆத்துல கெடையாது.

நம்ம தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கெடக்கும், அதுலதான் வெளியூராளுவ ஏமாறுதது. அடியில கெடக்குற கல்லு கூடத் தெரியுதேன்னு கால வைப்பாங்க. தண்ணிக்குள்ள எதுவும் இருக்க ஆழத்துல முக்காவாசிதான் கண்ணுக்குத் தெரியும், எட்டடின்னா ஆறடியாத் தெரியும். ஆறடி ஆளு நின்னுரலாம்னு எறங்குவான், முங்கிருவான்.

கறாரானவன் | மே 10, காலை 9:48

எல்லாரும் ஆளாளுக்கு இடம் சொல்றீங்க, நான் வேற ஒண்ணு கேக்குறேன். நீச்சல் தெரியாத ரெண்டு குழந்தைங்கள, இருவது வருசமா தண்ணி பாக்காத ஒரு அப்பா, லைஃப்கார்டு இல்லாத ஆத்துல எறக்குறது சரியா? 2022 ஜூன்ல கடலூர் பக்கம் கெடிலம் ஆத்துல தடுப்பணை கிட்ட குளிக்கப் போன ஏழு பொண்ணுங்க ஒரே நாள்ல போச்சு, ஒருத்தர காப்பாத்தப் போயி ஒருத்தர்னு. 2023 அக்டோபர்ல வால்பாறை பக்கம் அஞ்சு காலேஜ் பசங்க. 2024 மே மாசம், இதே கத்திரில, பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு ஸ்கூல் பையன். ஒவ்வொரு லீவுலயும் இதே செய்தி, ஊர் பேரு மட்டும் மாறும். குளோரின்ல கண்ணு செவந்தா மறுநாள் சரியாயிரும் சார். நான் பயமுறுத்தல, என் பக்கத்து வீட்டுலயே ஒண்ணு நடந்துருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

ஏசிரூம்அகதி | மே 10, காலை 10:02

பக்கெட் பக்கெட்னு கத்துனேனே, யாராவது கேட்டீங்களா.

ஆத்தங்கரைமருது | மே 10, மதியம் 1:37

கறாரானவன் சார் சொல்லுததுல தப்பில்ல. ஆனா ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு ஆத்துக்குப் போவாதன்னு பிள்ளைய வளக்க முடியாது, அது திருட்டுத்தனமா போவும், அப்பத்தான் சாவும். என் கதையே அதான்.

எனக்கு அப்ப பதிமூணு வயசு. வீட்டுக்குத் தெரியாம மத்தியானம் சோத்துக்கு முன்னால நாலு பேரு ஆத்துக்குப் போனோம், எங்க பந்தயம் என்னன்னா கசத்துல முங்கி அடியில போயி ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வரணும், மண்ணு கொண்டு வந்தவன் ஆம்பள, வெறுங்கையோட வந்தவன் மத்தவனுக்கு ஐஸ் வாங்கிக் குடுக்கணும் (ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால ஒரு கிழவரு கம்பூணிக்கிட்டு நின்னு இதே வெளையாட்ட நெனச்சு ஏங்குன பாட்டு ஒண்ணு இருக்குன்னு காலேஜ்ல சொன்னாங்க, அப்ப நம்ம பயலுவ திருந்தவே இல்ல). நான் மூணாவது ஆளா முங்குனேன், மேல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஒரு ஆள் ஆழம் போனதும் சட்டுன்னு ஐஸ் மாதிரி ஆயிரும், நெஞ்சு கப்புன்னு அடைச்சுது, மண்ண அள்ளிட்டேன், மேல வரும்போது தல டொக்குன்னு எதுலயோ முட்டுது. பாறை. நான் நேரா ஏறுதோம்னு நெனச்சிருக்கேன், தண்ணி இழுத்த இழுப்புல பாறைக்கு அடியில இருக்க பொடவுக்குள்ள போயிருக்கேன். கைய வச்சுத் தடவுதேன், பாசி வழுக்குது, வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியல, கெண்டக்கால்ல கொறக்களி வேற புடிச்சுட்டு.

எப்படியோ பொடவ விட்டு வெளிய வந்துட்டேன், ஆனா கரைக்கு நீந்த முடியல. கூட வந்த மூணு பயலும் கரையில நின்னு கத்துதானுவ, ஒருத்தனும் எறங்கல, இப்ப யோசிச்சா அதுவே நல்லது. அந்தப் பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த தாத்தா ஒருத்தர், அவரும் எறங்கல, ஆட்டுக்குக் கொழ ஒடிக்குத தொரட்டிக் கம்ப அப்படியே நீட்டி கொக்கிய என் டவுசர்ல மாட்டி மீனு மாதிரி இழுத்துப் போட்டாரு. போட்டுட்டு அதே கம்பால முதுகுல நல்லா ரெண்டு சாத்துனாரு. கையப் பிரிச்சுப் பாத்தேன், அப்பயும் மண்ண விடல.

அதனால சொல்லுதேன், நீச்சல் தெரியுமான்னு மட்டும் கேக்காதீய, அந்தக் கசம் உனக்குத் தெரியுமான்னு கேளுங்க. எனக்கு நீச்சல் நல்லாத்தான் தெரியும் அன்னைக்கு.

செல்லம்மாபேத்தி | மே 10, மாலை 4:15

ஆம்பளைங்க எல்லாரும் ஆழம், சுழி, வெள்ளம்னு பேசுறீங்க, எங்களுக்கு அதுக்கு முன்னால வேற கேள்வி வருது. துணி எங்க மாத்துறது?

நான் சேரன்மகாதேவி ஆச்சி வீட்டுல வளந்தவ. அப்ப பொம்பளைங்க படித்துறை தனி, விடிய முன்னால போனா உள்பாவாடைய மாருக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு மஞ்சள உரசிக்கிட்டு ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சுட்டுத்தான் ஏறுவாங்க, ஒரு ஆம்பள அந்தப் பக்கம் வந்தா தொண்டையக் கனச்சுட்டு வருவாரு. இப்ப போன மாசம் ஒரு எடத்துக்குப் போனோம், பேரு வேண்டாம், எதிர்கரையில நாலஞ்சு பேரு பாட்டிலோட உக்காந்துக்கிட்டு செல்போன இந்தப் பக்கமே புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாங்க துணியோட நனஞ்சபடி கார்ல ஏறி வந்தோம். அவங்க போனப்புறம் மிச்சம் என்னன்னா மணல்ல ஒடச்சுப் போட்ட பாட்டில், என் அக்கா பையன் கால்ல நாலு தையல்.

அதனால போறவங்களுக்கு: சனி ஞாயிறு வேண்டாம், வேலை நாள்ல காலைல ஏழு மணிக்குப் போங்க, குடிகாரன் எந்திரிக்கிறதுக்குள்ள குளிச்சு முடிச்சுரலாம். ரெண்டு பழைய பெட்சீட்டும் ஒரு கயிறும் கொண்டு போங்க, ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுனா ரூம் ரெடி. பொம்பளைங்க சேலை, நைட்டியோட ஆழத்துக்குப் போகாதீங்க, நனஞ்ச சேலை கால்ல சுத்துனா நீச்சல் தெரிஞ்சவளையும் அமுக்கிரும், சுடிதார்ல துப்பட்டாவ கழட்டிட்டு எறங்குங்க. பிள்ளைங்களுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பாசியில வழுக்கும், பழைய ஸ்கூல் கேன்வாஸ் ஷூ போட்டு எறக்குங்க, பாட்டில் கண்ணாடிக்கும் அதுதான் பாதுகாப்பு.

பவானிக்கரை | மே 10, இரவு 8:50

வணக்கமுங்க, நானு மேட்டுப்பாளையம். எங்க பவானி ஆத்துல இன்னொரு சமாச்சாரம் இருக்குதுங்க. மழையே வேண்டாம், மேல பில்லூர் டேம்ல கரண்டு எடுக்கறதுக்குத் தண்ணி தொறந்தா போதும், கணுக்கால் அளவு இருந்தது கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு வந்துரும். நடு ஆத்துப் பாறைல உக்காந்து சீட்டு ஆடிட்டு இருப்பாங்க, திரும்பிப் பாத்தா கரைக்கு வர வழி இருக்காதுங்க. வெளியூர்ப் பசங்க நெறைய பேரு இப்படித்தான் போயிட்டாங்க, இப்ப போலீஸ்லயே இதுக்குன்னு ஆளுக போட்டுருக்கறாங்க. எந்த ஆத்துக்குப் போனாலும் மேல டேம் இருக்குதா, எப்ப தண்ணி விடுவாங்கன்னு விசாரிச்சுட்டு எறங்குங்க. தாமிரபரணிக்கும் இது பொருந்துமுங்க.

நம்ம பக்கம் வர்றதா இருந்தா பரளிக்காடு வாங்க, காரமடைல இருந்து போகோணும். வனத்துறையே நடத்தறாங்க, முன்னாடியே பதிவு பண்ணிரோணும், பில்லூர் டேம் தண்ணில பரிசல் சவாரி, மலைவாசி அம்மாக்க சமைச்ச சோறு, மத்தியானம் அத்திக்கடவு ஆத்துல குளிக்க ஒரு எடம் காட்டுவாங்க. அவுங்க காட்டற எடத்துல மட்டும் குளிச்சா ஒரு பயமும் இல்லீங்க. ஆனா உங்களுக்கு மதுரைல இருந்து தூரம்.

கறாரானவன் சொன்ன அந்த ஒருத்தர காப்பாத்தப் போயி ஒருத்தர்ங்கற விசயம், அதுதானுங்க பாதிச் சாவு. முங்கறவன் பூதம் புடிச்ச மாதிரி கழுத்தக் கட்டிக்குவான், நீங்க எத்தனை நல்லா நீஞ்சுனாலும் ரெண்டு பேரும் அடியில. எறங்காதீங்க, எதையாச்சும் வீசுங்க. வேட்டி, சேலை, ரெண்டு துப்பட்டாவ முடிச்சுப் போட்டது, மூடி போட்ட வெறும் தண்ணிக் கேனு. நாங்க சின்னப்பசங்கள்ல கெணத்துல நீச்சல் பழகறப்ப முதுகுல சொரப்புருடைய, அதானுங்க காஞ்ச சொரக்காக் கூட்ட, கட்டித்தான் தள்ளி விடுவாங்க, இப்ப சொரப்புருடைக்கு எங்க போறது, பசங்களுக்கு ரெண்டு லைஃப் ஜாக்கெட் ஆன்லைன்ல வாங்கிருங்க, தீம் பார்க் டிக்கெட்ட விடக் கம்மிதானுங்க. காத்தடிக்கற வாத்து பொம்மை டியூப் மட்டும் ஆத்துல வேண்டாம், கவுந்தா தலைகீழாத்தான் நிக்கும்.

வெயிலுக்குப்பயந்தவன் | மே 10, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. படிச்சுட்டு வீட்டம்மா போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாங்க. மாமியார்தான் எங்க ஊரு கம்மாயில நான் குளிக்காததான்னு பை எடுத்து வச்சுட்டாங்க. இன்னொரு டவுட்டு, கேரளாவுல இந்த மூளையத் திங்கிற அமீபான்னு சொல்றாய்ங்களே, அது இங்கயும் வருமா?

நைட்ஷிப்ட்நர்ஸ் | மே 11, அதிகாலை 3:10

டியூட்டி இடைவேளையில எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

அந்த அமீபா தண்ணியக் குடிச்சா வராது. மூக்கு வழியாத்தான் மூளைக்குப் போகும். 2024ல கேரளாவுல சில குழந்தைங்க இதுல இறந்தாங்க, ஒரு பையன் சீக்கிரமே கண்டுபிடிச்சதால பொழச்சான். ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா பொழைக்கிறது கஷ்டம். வெதுவெதுப்பா ஓடாம தேங்கிக் கெடக்குற தண்ணிதான் அதுக்குப் புடிக்கும், கோடையில வத்திப்போன குட்டை, பாசி புடிச்ச குளம், சரியா குளோரின் போடாத தொட்டி. குளுந்து ஓடுற ஆத்துல ஆபத்து ரொம்பக் குறைவு. பசங்கள அடிச்சேறு கெளற விடாதீங்க, மூக்க அமுக்கிப் புடிச்சுட்டு முங்கச் சொல்லுங்க. குளிச்சு ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள காய்ச்சல், கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைச்சா ஆஸ்பத்திரில தண்ணில குளிச்சதை நீங்களா சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. கால்ல வெட்டுக்காயம் இருந்தா எறங்காதீங்க, எலிக்காய்ச்சலும் இருக்கு.

ஆனா உண்மையா எங்க வார்டுக்கு வர்றது அமீபா இல்ல, முங்கினவங்கதான். வெளிய எடுத்த உடனே வயித்த அமுக்காதீங்க, தலைகீழாப் புடிச்சு சுத்தாதீங்க, தண்ணிய எறக்குறோம்னு போற ஒவ்வொரு நிமிசமும் மூளைக்குக் காத்து இல்லாத நிமிசம். மூச்சு இல்லன்னா மல்லாக்கப் படுக்க வச்சு வாயோட வாய் வச்சு ஊதணும், நெஞ்சு நடுவுல அழுத்தணும், ஒருத்தர் 108க்குப் போடணும். மூச்சு வந்து நல்லாருக்கேன்னு எந்திரிச்சு உக்காந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. குடிச்சுட்டு எறங்குறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

கோண்டாவில்பெடியன் | மே 11, காலை 8:05

எங்கட யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. இந்த இழையைப் பாக்கப் பொறாமையா இருக்கு. எங்களுக்குக் கீரிமலைதான். கடலுக்குப் பக்கத்திலயே, கைநீட்டினா அலை படுற தூரத்தில, நல்ல தண்ணி ஊத்து. கேணி கட்டி விட்டிருக்கு, ஆம்பிளையளுக்கு வேற பொம்பிளையளுக்கு வேற. சின்ன வயசில கேணி மதிலில இருந்து குதிச்சு அம்மம்மாட்ட வாங்கின அடி இப்பவும் நினைவிருக்கு. பிறகு கன வருசம் அந்தப் பக்கம் போகேலாமல் இருந்தது, திரும்பப் போய் முதல் முறை காலை வைச்ச அண்டைக்கு அப்பா ஒண்டும் பேசேல்லை, முங்கி முங்கி எழும்பிக்கொண்டே இருந்தார்.

எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், உள்ளுக்கு எல்லாம் குடைஞ்சு கிடக்கு, நிலாவரைக் கிணறு அப்பிடித்தான், மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. அதில ஒருத்தரும் குளிக்கிறேல்லை, பாக்க மட்டும்தான். உங்கட தொரட்டிக் கம்புத் தாத்தாவுக்கு என்ர வணக்கம்.

மட்டுறுத்துநர் | மே 11, காலை 9:00

தாமிரபரணி பெருசா பவானி பெருசான்னு ஓடின பதினாலு பின்னூட்டத்தைத் தனி இழைக்கு மாத்தியாச்சு. இங்க குளிக்கிறத மட்டும் பேசுங்க.

வெயிலுக்குப்பயந்தவன் | மே 14, மாலை 6:40

இன்னைக்குக் கும்பக்கரை போனோம், கேட்டு பூட்டிருக்கு. நேத்து ராத்திரி மேல மழையாம், தண்ணி காப்பி கலர்ல போகுது, குளிக்கத் தடை. பெரியகுளத்துல வெயில் மண்டையப் பொளக்குது, ஒரு பொட்டுத் தண்ணி இல்லாத வானம். பெரியகுளத்தான் சொன்னது அப்படியே நடந்துச்சு. கேட்டுல ஒருத்தரு "சும்மா கால நனச்சுட்டு வந்துர்றோம் சார்"னு வனத்துறைக்காரர்ட்ட சண்ட போட்டுக்கிட்டு இருந்தாரு. நாலு நாளைக்கு முன்னாடின்னா நானும் கூடச் சேந்து போட்டுருப்பேன். பசங்களுக்கு பெரியகுளத்துல மாம்பழம் வாங்கிக் குடுத்து சமாளிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

பெரியகுளத்தான் | மே 14, மாலை 7:02

மாம்பழம் வாங்குனீங்கள்ல, அப்ப வந்தது வீணில்ல.

வெயிலுக்குப்பயந்தவன் | மே 21, இரவு 9:15

போயிட்டு வந்துட்டோம்யா! புதன்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்பி ஆறரைக்குத் திருப்புடைமருதூர். போய் எறங்கும்போது கரையில எங்களத் தவிர ரெண்டு அம்மா துணி துவச்சுக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். மரம் பூரா பறவைக் கூச்சல், கீழ நின்னா தலையில அபிஷேகம், அத மட்டும் மருது சொல்லாம விட்டுட்டாரு.

சொன்ன மாதிரியே போய்க் கேட்டேன், அக்கா எங்க எறங்கலாம்னு. அந்தம்மா துவைக்கிறத நிறுத்தாமலே "பிள்ளையளோட வந்திருக்கியளா, இந்தால இருக்க கல்லு வரைக்கும் கெடங்க, அந்தா வெள்ளையா தெரியுதுலா ஒரு பாறை, அதத் தாண்டிறாதீய, அங்க கசம்"னாங்க. பாத்தா எனக்கு ரெண்டு எடமும் ஒரே மாதிரித்தான் தெரிஞ்சுச்சு, அதே தெளிஞ்ச தண்ணி, அதே பச்சை. நானா வந்திருந்தா வெள்ளப் பாறைப் பக்கந்தான் எறங்கிருப்பேன், அங்கதான் நெழல் இருந்துச்சு. கரையில கெடந்த மூங்கில் கம்ப எடுத்து பாறையில உக்காந்துக்கிட்டு விட்டுப் பாத்தேன். ஆறடிக் கம்பு, கையும் தோள் வரைக்கும் உள்ள போச்சு, அடி தட்டல. பேசாம எந்திரிச்சு வந்துட்டேன்.

பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி எறக்குனேன், பொண்ணு மொதல்ல ஐயோ குளுருதுன்னு ஏறிட்டா, அஞ்சு நிமிசத்துல மறுபடி எறங்கி அப்புறம் மத்தியானம் வரைக்கும் வரல. குட்டி மீனு வந்து கால் வெரல கொத்துது, அதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கத்தல். பயலுக்கு மருது கதையப் படிச்சுக் காட்டிருந்தேன், அதனால இடுப்பளவு தண்ணியிலயே மூக்கப் புடிச்சு முங்கி முங்கி மண்ணு எடுத்துட்டு வந்து என் கையில வச்சு எண்ணச் சொல்றான், பதினேழு தடவை. நானும் மெல்ல நீந்திப் பாத்தேன், கை கால் மறக்கல, மூச்சுதான் மறந்துருச்சு, பத்தடிக்கே நாக்கு தள்ளிருச்சு. பெட்சீட் ரூம் சூப்பர், செல்லம்மாபேத்திக்கு வீட்டம்மா தனியா நன்றி சொல்லச் சொன்னாங்க.

மாமியார் கதைதான் கேக்கணும். முட்டி வலின்னு படியில உக்காந்து கால மட்டும் நனச்சவங்க, கொஞ்ச நேரத்துல அந்தத் துணி தொவைக்கிற அம்மாவோட பேச்சுக் குடுத்து, ரெண்டு பேருக்கும் ஏதோ சொந்தம் வேற வந்துருச்சு, கழுத்தளவு தண்ணில உக்காந்துட்டாங்க. பத்து மணிக்குக் கூப்பிடுறோம், வரல. பதினொண்ணு, வரல. வெயில் ஏறிருச்சு வாங்கத்தேன்னா, வெயிலு உங்களுக்குத்தான நான் தண்ணிக்குள்ள இருக்கேன்ங்கிறாங்க. கடைசில கட்டுச்சோத்தக் காமிச்சுத்தான் வெளிய எடுத்தோம்.

கெளம்பும்போது பசங்க நாலு பாட்டில், ஒரு பை நெறைய சிப்ஸ் கவர் பொறுக்குனாங்க. எங்களது ஒண்ணுகூட இல்ல, அதுவும் கோவமா வந்துச்சு, யாரு மேலன்னு தெரியல.

ஒரே ஒரு பிரச்சன, வந்ததுலருந்து எனக்கு இடது காதுல தண்ணி நிக்குது, யாரு பேசுனாலும் குடத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி இருக்கு. பட்ஸ் விடலாமா?

கறாரானவன் | மே 21, இரவு 9:40

நல்லபடியா வந்தீங்களே, சந்தோசம் சார். அந்த லைஃப் ஜாக்கெட் லிங்க் இருந்தா போடுங்க, என் பையனுக்கும் ஒண்ணு வாங்கணும்.

நைட்ஷிப்ட்நர்ஸ் | மே 21, இரவு 10:05

பட்ஸ் விடாதீங்க!! தண்ணி இன்னும் உள்ளதான் போகும். அந்தக் காது கீழ வர்ற மாதிரி தலையச் சாய்ச்சு காது மடலப் பின்னால மேல இழுத்துப் புடிங்க, வந்துரும். ரெண்டு நாள்ல வலியோ சீழோ வந்தா டாக்டரப் பாருங்க.

ஆத்தங்கரைமருது | மே 22, காலை 6:15

அண்ணாச்சி, ஆத்துலயே சொல்லிருந்தீயன்னா அப்பவே எடுத்துருக்கலாம். வெயில்ல காஞ்சு கெடக்குத தட்டக்கல்லா ஒண்ணு எடுத்து, பொறுக்குற சூட்டுல காதோட ஒட்டி வச்சு அந்தப் பக்கமா சாஞ்சு ஒத்தக்கால்ல நாலு குதி குதிச்சா பொளக்குன்னு சூடா எறங்கும் பாருங்க, அந்த சொகமே தனி. நாங்க இதுக்குன்னே ஆளுக்கு ஒரு கல்லு பாறை இடுக்குல ஒளிச்சு வச்சிருப்போம், இப்பயும் கெடக்கும். பரவால்ல, மதுரையில மொட்டமாடில ஒரு கல்லு கெடைக்காமலா போயிரும், பன்னெண்டு மணிக்கு மேல ஏறுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா பாத்துட்டுப் போறாங்க.

ஏசிரூம்அகதி | மே 22, காலை 10:20

பக்கெட்ல குளிச்சிருந்தா காதுல தண்ணி போயிருக்காது. அது கெடக்கட்டும், திருப்புடைமருதூருக்கு சென்னையிலருந்து எந்த ட்ரெயின்?